எழுபத்திரண்டு பொந்துகள்

அந்த அலுவலகத்தில் அவரை எல்லோரும் முகவரி என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. ஏழு மாடிக் காப்பீட்டுக் கம்பெனி அது. அடித்தளத்தில், லிஃப்டுக்குப் பின்னால், ஜன்னலே இல்லாத ஓர் அறையில் இருபத்திரண்டு வருடமாகத் தபால் பிரித்துக்கொண்டிருந்தார். எந்தக் கடிதத்தைக் காட்டினாலும், அது எந்த மாடியில், யார் மேசையில் போய் விழ வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பெயர் அப்படி வந்ததுதான்.

சந்தேகம் அவருக்குக் கூடப் பிறந்தது. பூட்டிய கதவைப் பாதித் தெரு போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். பாலைக் காய்ச்சுவதற்கு முன் ஒரு தடவை, காய்ச்சிய பிறகு ஒரு தடவை மோந்து பார்ப்பார். கல்யாணத்துக்கு முன்னால் முதல் தடவை பெண் பார்க்க வந்தபோதே, வாசலில் நின்ற தன்னையும் தன் அண்ணனையும் விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் போய் ‘இதுதான் அந்த வீடா’ என்று விசாரித்த ஆள் என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

அறையின் ஒரு சுவர் முழுக்க மரச்சட்டம். அதில் எழுபத்திரண்டு சதுரப் பொந்துகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு காகிதச் சீட்டு ஒட்டியிருந்தது. அந்தச் சீட்டுகளை நம்பி ஒருவன் தபால் பிரித்தால் கம்பெனி ஒரே வாரத்தில் குழம்பிப்போகும். ‘கடன்’ என்று எழுதியிருந்த பொந்தில் பயிற்சிப் பிரிவின் தபால் இருந்தது. ‘சரக்கு’ என்ற பிரிவை மூடிப் பதினோரு வருடம் ஆகிவிட்டது, பொந்து மட்டும் தூசியோடு இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் ஓய்வு பெற்ற ஒருவரின் பெயர் இன்னும் அப்படியே ஒட்டியிருந்தது. அவருக்கு அடுத்து வந்தவருக்கும் அடுத்து வந்தவரின் தபால் அதில் விழுந்தது.

ஆரம்பத்தில் சீட்டை மாற்ற நேரம் இல்லை. அப்புறம் சோம்பல். அப்புறம்தான் அதில் இருக்கும் வசதி தெரிந்தது. ஒரு தடவை காய்ச்சலில் அவர் இரண்டு நாள் படுத்துவிட, மாடியிலிருந்து ஓர் ஆளை இறக்கினார்கள். அந்த ஆள் சீட்டைப் பார்த்துப் பிரித்ததில், ஒரு வக்கீல் நோட்டீஸ் கேன்டீனுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு முகவரியை இடம் மாற்றுவது பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து அவர் அந்த அறைக்குள் பசை டப்பாவைக் கொண்டுவரவே இல்லை.

அவரோடு ஒரு பெண் வேலை பார்த்தாள். பன்னிரண்டு வருடமாக. அவர் தங்கச்சி என்பார், அவள் அண்ணே என்பாள். சொந்தம் ஒன்றும் இல்லை. வருடா வருடம் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்கிற வேலை அவளுடையது. முட்டி வலி வேறு. பொந்துகளின் கடைசி வரிசைக்கு மண்டி போட வேண்டும், முதல் வரிசைக்கு எக்க வேண்டும். இருந்தது ஒரே ஒரு நாற்காலி, அதற்கும் ஒரு கால் குட்டை. அரை மணிக்கு ஒருவராக மாறி மாறி உட்காருவார்கள். அவள் முறையை அவள் கேட்காமலே அவர் நீட்டிவிடுவார்.

மாடிக்கு மாடி போகும் உள் தபாலுக்குக் காக்கிக் கவர்கள் இருந்தன. மேலே வரிசையாகக் கட்டங்கள் போட்டிருக்கும். பழைய பெயரை அடித்துவிட்டு அடுத்த கட்டத்தில் புதுப் பெயரை எழுதி, கவரின் நாக்கைச் செருகி அனுப்ப வேண்டியதுதான். ஒரு பிரிவில் காலிக் கவர்கள் சேர்ந்துபோனால், அடுத்த கட்டத்தில் ‘தபாலறை’ என்று எழுதிக் கீழே அனுப்பிவிடுவார்கள். தபாலறை என்று இருந்தால் காலி என்று அர்த்தம். யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. மூலையில் இடுப்பளவு உயர்ந்திருந்த கட்டின் மேல் அதையும் போட்டு, கவர் வேண்டும் என்று யார் கேட்டாலும் மேலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். முகவரியிடம் நிஜமாகவே ஏதாவது வேண்டும் என்றால் பழைய ஆட்கள் போன் போடுவார்கள், இல்லையென்றால் லிஃப்ட் வாசலில் நின்று கத்துவார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் லிஃப்டில் ஸ்டோர்ஸ்காரர் அவர் தோளைத் தட்டினார். பேப்பரிலிருந்து பினாயில் வரை கம்பெனிக்கு வாங்கிப் போடுகிற ஆள். வாயில் ஒரு ரகசியம் அரை நாள் தங்காது.

“என்ன முகவரி, மெஷினா ரேக்கா? என்ன முடிவு பண்ணீங்க?”

“என்ன மெஷின்?”

“தெரியாத மாதிரி கேக்கறீங்களே. தபால் பிரிக்கிற மெஷின். வந்துட்டா ஒரு ஆள் போதும்னு...” ஸ்டோர்ஸ்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“எங்க பாத்தீங்க?”

“காகிதத்துலதான். என் மேசைக்கு வந்துச்சு. சரி சரி, நான் எதுவும் சொல்லலை.”

லிஃப்ட் திறந்தது. ஸ்டோர்ஸ்காரர் இறங்கிப் போய்விட்டார். முகவரி அதிலேயே நின்று இன்னொரு தடவை மேலே போய்க் கீழே வந்தார். ஒரு ஆள் போதும் என்றால் போகிற ஆள் யார் என்று யோசிக்க வேண்டியதே இல்லை; வருடக் கையெழுத்துக்காரிதான் போவாள். அது ஒரு பக்கம் குத்தியது. இன்னொரு பக்கம் வேறொன்று குத்தியது. இந்தக் கட்டடத்தில் ஒரு காகிதம் தன் கை படாமல் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போயிருக்கிறது. அப்படி நடக்க வழியே இல்லை. நடந்திருக்கிறது என்றால் யாரோ கையில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார்கள். கையில் கொடுக்கிற காகிதம் நல்ல காகிதமாக இருக்க முடியாது.

யார் என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இல்லை. நாலு மாதத்துக்கு முன் வந்த நிர்வாக மேலாளர் அம்மாள்தான். வெளியிலிருந்து வந்தவர். கத்த மாட்டார், போன் போட மாட்டார், எதற்கும் கடிதம் எழுதுவார். ஒரு நாளும் கீழே இறங்கி வந்ததில்லை. போன வாரம் அவர் பொந்தில் ஒரு வழவழப்பான கவர் விழுந்தது. ஓரத்தில் ஏதோ இயந்திரத்தின் படம். அப்போதே முகவரி அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் அடுத்தவர் கடிதத்தைப் பிரித்த பாவம் அவருக்கு இல்லை. ஆனால் எடை பார்ப்பது பாவத்தில் சேராது என்பது அவர் கட்சி.

விஷயத்தைத் தங்கச்சியிடம் சொல்லாமல் ஒளிக்கப் பார்த்தார். முடியவில்லை. கேன்டீன்காரர்கள் வரை தெரிந்திருந்தது. அவள் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கையிலிருந்த கட்டைத் தட்டித் தட்டி நேராக்கினாள்.

“அண்ணே, மேல போய் நேரா கேட்டுடலாமே.”

“போய்க் கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா?”

அவள் அடுத்த கட்டைப் பிரிக்க ஆரம்பித்தாள். மூன்று நாள் அவர் எல்லாவற்றையும் நோட்டம் விட்டார். லிஃப்டில் பேச்சு நின்றால் தன்னைப் பற்றித்தான். யாராவது வணக்கம் சொன்னால், இவன் எதற்கு இன்றைக்கு வணக்கம் சொல்கிறான். விளக்கு மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் சுவரின் அகலத்தைக் கண்ணால் அளந்தானோ என்று அவன் போன பிறகும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை மெஷின் வந்தே விட்டது. வாங்கியது இல்லை, காட்டுவதற்கு. விற்பனைக்காரர் ஒருவர் சக்கரம் வைத்த மேசையில் தள்ளிக்கொண்டு வந்தார். செருப்புப் போட்டு நடக்கிற அந்த அறையில் பளபளவென்று ஷூ. முகவரியை ‘சார்’ என்று கூப்பிட்டார். அந்த அறையில் அதுவரை யாரும் அவரை சார் என்றதில்லை, சந்தேகம் இரட்டிப்பானது. கொஞ்ச நேரத்தில் மேலாளர் அம்மாளும் இறங்கி வந்தார். முதல் தடவை. சுவரைப் பார்த்தார், குட்டைக்கால் நாற்காலியைப் பார்த்தார், முகவரியைப் பார்க்கவில்லை. அவருக்கும் இவர்மேல் ஏதோ கோபம் இருக்கிற மாதிரி இருந்தது. செய்வதையும் செய்துவிட்டுக் கோபம் வேறு என்று முகவரி மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

விற்பனைக்காரர் தன் பெட்டியிலிருந்து ஒரு கட்டுக் கடிதங்களை எடுத்து மெஷினில் வைத்தார். விர்ரென்று இழுத்து, எட்டுத் தட்டுகளில் பிரித்துப் போட்டுவிட்டது. மணிக்குப் பத்தாயிரம் என்றார். உள்ளே ஒரே ஒரு தாள் கூடுதலாக இருந்தால்கூட எடையை வைத்துக் கண்டுபிடித்துச் சிவப்புத் தட்டில் தள்ளிவிடும், தபால்தலை குறைவாக ஒட்டிவிட்டோம் என்ற பேச்சே வராது என்றார். முகவரி அந்தக் கடிதங்களைத் திருப்பிப் பார்த்தார். எல்லாம் அச்சடித்த முகவரி, ஒரே அளவு, ஒரு மடிப்புக்கூட இல்லை.

“இதெல்லாம் பரீட்சைக்குப் படிச்சிட்டு வந்த கடிதம். நம்ம வீட்டுப் பிள்ளைங்களைப் போட்டுப் பாக்கலாமா?” என்றார்.

“தாராளமா சார்.”

அவர் மூலைக்குப் போய்க் காலிக் கவர் கட்டிலிருந்து நூறை எண்ணி எடுத்தார். மேலேயிருந்து எடுத்தால் அதிலும் ஏதாவது ஏற்பாடு இருக்கும் என்று, நடுவிலிருந்து உருவினார். எல்லாம் ஒரே அளவுக் காக்கி. எல்லாவற்றிலும் கடைசியாக எழுதிய கட்டத்தில் தபாலறை.

“நூறும் காலிக் கவர். நூறும் ஒரே எடை. இதுல ஒண்ணைத் தனியாத் தள்ளுச்சுன்னாலும் உங்க மெஷின் பொய் சொல்லுதுன்னு அர்த்தம்.”

விற்பனைக்காரர் கவர்களை அடுக்கிப் பொத்தானை அழுத்தினார். மெஷின் இழுக்க ஆரம்பித்தது. காக்கிக் கவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தட்டில் விழுந்தன. நாற்பதைத் தாண்டியபோது ஒன்று சிவப்புத் தட்டில் விழுந்தது. முடிகிற நேரத்தில் இன்னொன்று. முகவரி தங்கச்சியைப் பார்த்தார். மூன்று நாளில் முதல் தடவையாக அவர் முகத்தில் ரத்தம் ஓடியது.

“பாத்தீங்களா? ரெண்டு பொய். காலிக் கவரே தெரியலை இதுக்கு. இதுதான் நம்ம தபாலைப் பிரிக்கப் போகுதா?”

விற்பனைக்காரர் குனிந்து ஏதோ பொத்தானைத் தேடினார். மேலாளர் அம்மாள் மட்டும் சிவப்புத் தட்டிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

“இது என் கையெழுத்து” என்றார்.

கவரின் நாக்கை இழுத்தார். உள்ளே, அடியில், நாலாக மடித்த ஒரு தாள். இரண்டாவது கவரிலும் ஒன்று.

விற்பனைக்காரர் மெஷினை நிறுத்தினார்.

“ரெண்டு மாசமா உங்களுக்கு மூணு கடிதம் எழுதிட்டேன். ஒண்ணுக்கும் பதில் இல்லை. புதுசா வந்தவதானே, இவளுக்கு எதுக்குப் பதில்னு வேணும்னே இருக்கீங்கன்னு நினைச்சேன்” என்றார் மேலாளர் அம்மாள்.

முகவரி தாளை வாங்கிப் படித்தார். முதலில் வேகமாக, பிறகு எழுத்துக்கூட்டுகிறவர் மாதிரி. தபாலறைக்குப் புதிய சாதனம் வாங்குவதாக இருக்கிறது. மெஷினா, ரேக்கா, எது பொருந்தும் என்று தபாலறையே சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு எவ்வளவு தபால், எந்தப் பொந்து யாருக்கு என்ற பட்டியலும் வேண்டும். இது மூன்றாவது கடிதம். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் பதில் வராவிட்டால் மெஷின் வாங்கப்படும், முதல் கடிதத்திலேயே சொன்னபடி தபாலறைக்கு ஒரு ஆள் போதும் என்று முடிவு செய்யப்படும். நாளைக்குத்தான் வெள்ளி.

தங்கச்சிதான் விளக்கினாள். தபாலறை என்று எழுதினால் இங்கே காலி என்று அர்த்தம், மேடம். சிரிப்பாக ஆரம்பித்தவள் பாதியிலேயே அடங்கிவிட்டாள். முதல் கடிதம் எங்கே போயிருக்கும் என்பதும் அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. காலி என்று யாரோ மேலிருந்து அந்தக் கவரை எடுத்து, இத்தனை நாள் மேசையில் வைத்திருந்து, போன வாரம்தான் எதையோ போட்டு ஸ்டோர்ஸுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கையில் எடுத்துக்கொண்டு போய் யாரும் கொடுக்கவில்லை. வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் ஸ்டோர்ஸ்காரர் மேசையில் போட்டது முகவரியேதான்.

மேலாளர் அம்மாள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப, உங்களுக்கு எழுதணும்னா நான் என்னன்னு எழுதியிருக்கணும்? இதுல எது உங்க பொந்து?”

எழுபத்திரண்டில் ஒன்றும் அவர்களுடையது இல்லை. அது வரை அவருக்கு அது தோன்றியதும் இல்லை.

லிஃப்ட் வரை போன மேலாளர் அம்மாள் திரும்பி நின்றார். நீங்கள் லீவு எடுத்தால் கம்பெனித் தபால் எல்லாம் சேர்ந்து லீவு எடுக்கிறது என்று மேலே புகார் இருக்கிறது, பட்டியல் இல்லாமல் ரேக் வாங்கித் தர என்னால் முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். கெடுவை ஒரு நாள்கூடத் தள்ளவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் காபியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார், தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டதையும் சேர்த்து. மெஷின் வேண்டாம் என்று எழுதுவது பெரிய காரியம் இல்லை. பட்டியல்தான் இடித்தது. எந்தப் பொந்து யாருக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் எந்த ஆள் வேண்டுமானாலும் அங்கே வந்து நிற்கலாம்.

“லிஸ்ட் கைக்குப் போனதும் ரெண்டு பேரையும் அனுப்பிட்டாங்கன்னா?”

மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “குடுக்கலைன்னா அந்தப் பொண்ணு போறது நிச்சயம். குடுத்தா சந்தேகம்தான். உங்களுக்குத்தான் சந்தேகத்தோட குடும்பம் நடத்திப் பழக்கமாச்சே.”

மறுநாள் காலைத் தபாலைப் பிரித்து முடித்ததும் இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் நாற்காலியில், அவர் கவர் கட்டின்மேல். அவள் சீட்டைப் படித்தாள், அவர் நிஜத்தைச் சொன்னார். கடன் என்றால் பயிற்சி, சரக்கு என்றால் ஒன்றுமில்லை. நாற்பதாவது பொந்துக்கு வந்தபோது அவள் பேனாவை நிறுத்தினாள்.

“இது எனக்கே இன்னைக்குத்தான்ணே தெரியும். பன்னிரண்டு வருஷமா உங்களைக் கேட்டுக் கேட்டுத்தானே போட்டேன்.”

அவர் அடுத்த பொந்தைப் பார்த்தார். மற்றவர்களிடமிருந்து பூட்டி வைத்த பூட்டு அவளுக்கும் சேர்த்துத்தான் பூட்டியிருந்தது. அவளுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தால், ஒரு ஆள் போதும் என்ற வார்த்தையே மேலே பிறந்திருக்காதோ என்னவோ.

பிறகு அவர் சாதனத்தைப் பற்றித் தன் கைப்பட எழுதினார். நமக்கு வருவது ஒரு நாளைக்கு எண்ணூற்றைம்பது தபால். அதில் முந்நூறு கையால் எழுதிய காக்கிக் கவர். மணிக்குப் பத்தாயிரம் பிரிக்கிற மெஷின் இதை ஐந்தாறு நிமிடத்தில் முடித்துவிட்டு நாள் முழுக்கச் சும்மா நிற்கும். ஏழு மாடிக்கு அது ஏறப் போவதில்லை, ஏறுவதற்கு இரண்டு ஆள் வேண்டும். உயரம் மாற்றக்கூடிய தட்டுகள் வைத்த ஸ்டீல் ரேக் போதும். முன்பக்கம் போட்டுப் பின்பக்கம் எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். கடைசி வரிசை முட்டிக்கு மேலே இருக்க வேண்டும். சீட்டு ஒட்டுவதாக இல்லாமல், அட்டையைச் செருகி மாற்றுவதாக இருக்க வேண்டும். எடை பார்க்கச் சின்னத் தராசு ஒன்று. மேசை ஒன்று.

இவ்வளவும் எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். மறுபடி திறந்து ஒரு வரி சேர்த்தார்: நேற்றுப் பார்த்ததில் மெஷின் சொன்னது சரி, தபாலறை சொன்னதுதான் தப்பு. அடித்துவிடலாமா என்று பேனா அந்த வரிமேல் கொஞ்ச நேரம் நின்றது. அடிக்கவில்லை.

மூணே முக்காலுக்கு ஐந்தாவது மாடிக்கு அவரே கொண்டுபோனார். வாங்கிக்கொண்டதற்கு நேரம் போட்டு ஒரு கையெழுத்து வேண்டும் என்றார்.

“என்னை நம்பலையா?” என்றார் மேலாளர் அம்மாள்.

“கவரை நம்பலை மேடம்.”

அவர் சிரித்த மாதிரி இருந்தது. முகவரி அதையும் முழுசாக நம்பவில்லை.

இரண்டு வாரம் ஒரு சத்தமும் இல்லை. ஸ்டோர்ஸ்காரர் லிஃப்டில் மேலே ஓடுகிற எண்களையே பார்த்துக்கொண்டு வந்தார். வாய் அடங்கிய ஸ்டோர்ஸ்காரரை அவர் அதுவரை பார்த்ததில்லை. முகவரி இப்போது காலிக் கவர் ஒவ்வொன்றையும் உதறி, உள்ளே கைவிட்டுப் பார்த்துத்தான் கட்டில் போட்டார். ஒன்றும் கிடைக்கவில்லை, ஒரு ஊக்கும் யாரோ தின்ற மிட்டாய்த் தாளும் தவிர.

அப்புறம் ஒரு புதன்கிழமை, காலைக் கட்டில் ஒரு காக்கிக் கவர் வந்தது. கடைசிக் கட்டத்தில் தபாலறை. அதன் பக்கத்திலேயே, அதே கையெழுத்தில், சின்னதாக: காலி அல்ல.

அவர் அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். ஒரு தாள். வேலையை விட்டு நிறுத்தவும் ஒரு தாள் போதும். தங்கச்சியிடம் நீட்டினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தாள். சாமான் வாங்குவதற்கான உத்தரவின் நகல் அது.

“ஸ்டீல் ரேக் ஒண்ணு. அட்டை செருகற மாதிரி. மேசை ஒண்ணு. தராசு ஒண்ணு. நாற்காலி...” அவள் நிறுத்திவிட்டாள்.

அவர் தாளைப் பிடுங்கினார். நாற்காலி, இரண்டு. எண்ணாலும் போட்டு எழுத்தாலும் போட்டிருந்தது. திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். வெறுமையாக இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஒண்ணு யாராவது வந்தா உக்கார்றதுக்கா இருக்கும்” என்றார்.

“இந்த அறைக்கு யார்ணே வர்றா?”

அவர் நிஜமாகவே யோசித்தார். இருபத்திரண்டு வருடத்தில் வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஒருவரும் உட்கார்ந்ததில்லை.

தங்கச்சி குட்டைக்கால் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அது அவள் முறை இல்லை. முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தாள். ரேக் வர இன்னும் ஒரு மாதம் ஆகும். அவர் மூன்றாவது மாடிக்குப் போய் யாரிடமோ பசை டப்பா கேட்டு வாங்கி வந்தார். சரக்கு என்ற சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தார். புதுச் சீட்டில் ‘தபாலறை’ என்று எழுதி ஒட்டினார், பொந்தின் தூசியை ஊதினார், தாளை உள்ளே வைத்தார். பசை பிடித்ததோ இல்லையோ என்று, விரலை எடுக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.